தாத்தா பிறந்த வருஷத்துக் காசுகள்: ஒரு பரிசுச் சட்டகம் செய்யும் முழு வழிகாட்டி

தாத்தாவின் சதாபிஷேகத்துக்கு என்ன கொடுப்பது என்று வீட்டில் பேச்சு வந்தபோது நான் மட்டும் முன்கூட்டியே தயாராக இருந்தேன். அவர் பிறந்த வருஷத்தில் அச்சான காசுகளை எல்லாம் தேடிப்பிடித்து, கண்ணாடிச் சட்டகத்துக்குள் அடுக்கிக் கொடுப்பது என்று. அவருடைய பள்ளிச் சான்றிதழில் 1943 என்று இருந்தது. இரண்டு மாதம் அலைந்து ஐந்து காசு சேர்த்துவிட்டேன். அத்தை வந்தவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அது ஹெட்மாஸ்டர் போட்ட வயசு. அவரோட அண்ணன்கூடவே சேர்த்து விடணும்னு ரெண்டு வருஷம் கூட்டிப் போட்டாங்க. ஜாதகத்தை எடுத்துப் பாரு."

ஜாதகத்தில் இருந்தது தாரண வருஷம், மாசி மாதம். அதாவது 1945. ஐந்து காசும் வீண். நீங்கள் இதே வேலையில் இறங்குவதாக இருந்தால் கடைக்கு ஓடுவதற்கு முன்னால் வருஷத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

உண்மையான பிறந்த வருஷத்தைக் கண்டுபிடிப்பது

ஜூன் மாதத்துப் பிறந்தநாள் உள்ள தாத்தா பாட்டிகள் நம் ஊரில் ஏராளம். ஜூனில் பள்ளி திறக்கும், சேர்க்க ஐந்து வயது ஆகியிருக்க வேண்டும், ஆகவே வாத்தியார் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். அதனால் சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம். ஜாதகம் இருந்தால் அதுதான் முதல் சாட்சி.

தமிழ் வருஷத்தை ஆங்கில வருஷமாக மாற்றுவதில் ஒரு பொறி இருக்கிறது. தாரண வருஷம் 1944 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1945 ஏப்ரல் நடுவில் முடிகிறது. சித்திரை முதல் கார்த்திகை வரை பிறந்தவர் என்றால் 1944. தை, மாசி என்றால் 1945. மார்கழியும் பங்குனியும்தான் இடைஞ்சல். மார்கழியின் முதல் பாதி டிசம்பரில் விழும், பின்பாதி ஜனவரியில் விழும். பங்குனி முழுவதும் அடுத்த ஆங்கில வருஷம்தான், ஆனால் ஏப்ரலில் முடிவதால் பலர் குழம்பிவிடுகிறார்கள். அவசரத்துக்கு உதவும் பட்டியல்: சுபானு 1943-44, தாரண 1944-45, பார்த்திப 1945-46, விய 1946-47, சர்வசித்து 1947-48, சர்வதாரி 1948-49, விரோதி 1949-50, விக்ருதி 1950-51.

நெல்லை, குமரிப் பக்கத்து ஜாதகங்களில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) எழுதியிருப்பார்கள். ஜனவரி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை பிறந்தவருக்கு அதோடு 825-ஐக் கூட்டுங்கள், அதற்குப் பிறகு பிறந்தவருக்கு 824. மாசி 1120 என்றால் 1945. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கலாம்.

கிடைத்த தேதியை ஏதாவது ஒரு பஞ்சாங்கச் செயலியில் போட்டுப் பாருங்கள். ஜாதகத்தில் உள்ள கிழமையும் நட்சத்திரமும் ஒத்துவந்தால் சரி, ஒத்துவராவிட்டால் வருஷத்தைக் கணக்கிட்டதில் எங்கோ பிசகு.

அந்த வருஷத்தில் என்னென்ன காசு அச்சானது

எல்லா வருஷத்திலும் எல்லாக் காசும் அச்சாகவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்தது 1945 என்பதால் அதை விரிவாகச் சொல்கிறேன்.

அந்த வருஷம் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி மூன்று: ரூபாய், எட்டணா, நாலணா. வெள்ளி என்றாலும் பாதிதான் வெள்ளி. 1940-இலிருந்து வெள்ளியை 50 சதவீதமாகக் குறைத்து, மீதிக்குச் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தார்கள். அடுத்தது மஞ்சள் காசு மூன்று: இரண்டணா, ஓரணா, அரையணா. இவற்றில் இரண்டணாவும் ஓரணாவும் முன்பு வெள்ளை நிறத்தில் இருந்தன. யுத்தத்துக்கு நிக்கல் தேவைப்பட்டதால் 1942 முதல் 1945 வரை பித்தளைக் கலவைக்கு மாற்றினார்கள். கடைசியில் ஓட்டைக் காலணா. செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு 1943-இல் வந்தது, 1947 வரை அச்சானது.

ஆக ஏழு வகை. இதில் எனக்குப் பிடித்த ஒரு கணக்கு உண்டு. அணாக் கணக்கில் பதினாறு (அதுதான் ஒரு ரூபாய்), எட்டு, நாலு, இரண்டு, ஒன்று, அரை, கால். கூட்டினால் முப்பத்தொன்றே முக்கால் அணா. இரண்டு ரூபாய்க்குக் காலணா குறைகிறது. இன்னொரு ஓட்டைக் காலணாவைச் சேர்த்தால் எட்டுக் காசு, மிகச் சரியாக இரண்டு ரூபாய். ஒரு காலணாவைக் கிரீடமும் வருஷமும் தெரியும்படியும், இன்னொன்றை இலைக்கொடி வளையம் தெரியும்படியும் வைக்கலாம். எட்டு என்பது நாலு நாலாக இரண்டு வரிசையில் அழகாக அமையவும் செய்யும்.

உங்கள் தாத்தா பாட்டியின் வருஷம் வேறாக இருந்தால்:

1939-இல் பிறந்தவர் என்றால் அந்த வருஷத்து வெள்ளி ரூபாய் பக்கமே போகாதீர்கள். அது மிக அரிது, 1938-ஐத் திருத்திச் செய்த போலிகள் சுற்றுகின்றன. காலணாவும் தம்பிடியும் (அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு) எளிதாகக் கிடைக்கும், அவை போதும். 1942 வரையிலான காலணாவில் ஓட்டை கிடையாது.

1946, 1947 என்றால் வெள்ளிக்குப் பதில் நிக்கல் வந்துவிட்டது, பின்பக்கத்தில் நடந்து போகும் புலி இருக்கும். அந்தப் புலி ரூபாய் 1947-இல் மட்டும்தான் உண்டு. 1946-க்கு எட்டணா, நாலணாவோடு திருப்திப்பட வேண்டும்.

1948, 1949-இல் பிறந்தவர்களுக்குத்தான் சங்கடம். அந்த வருஷங்களைத் தாங்கிப் புழக்கத்துக்கு வந்த இந்தியக் காசே கிடையாது. சுதந்திரம் வந்த பிறகும் ராஜா தலைக் காசுதான் ஓடிக்கொண்டிருந்தது, புதுக் காசு 1950 ஆகஸ்ட் 15-இல்தான் வந்தது. யாராவது 1948 ரூபாய் என்று எதையாவது நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். இவர்களுக்கு நான் சொல்லும் வழி தபால்தலை. 1948 ஆகஸ்ட் 15-இல் காந்தி தபால்தலைகள் நான்கு வந்தன. ஒன்றரை அணாத் தலை போதும், பத்து ரூபாய்த் தலையை விட்டுவிடுங்கள். 1949 ஆகஸ்ட் 15-இல் கோயில், ஸ்தூபி போன்ற தொல்சின்னங்கள் உள்ள வரிசை வந்தது. அசோகச் சின்னம் போட்ட முதல் ஒரு ரூபாய் நோட்டும் 1949-இல்தான். நடுவில் தபால்தலை, இரு பக்கமும் 1947 ஒன்றும் 1950 ஒன்றும் என வைத்தால், ராஜா போய்க் குடியரசு வரும் இடைவெளியில் பிறந்தவர் என்ற கதையே அங்கே வந்துவிடும். சொல்லப்போனால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் சுவாரஸ்யமான சட்டகம்.

1950-இல் பிறந்தவருக்குக் கொண்டாட்டம். குதிரை போட்ட காலணா முதல் கோதுமைக் கதிர் போட்ட ரூபாய் வரை முழுத் தொகுப்பும் உண்டு. அதன்பின் ரூபாய்க் காசு 1954-இல் வந்தது, அதற்கப்புறம் 1962-இல்தான். 1956 என்றால் நாலணா, எட்டணாவைத் தேடுங்கள். 1957 ஏப்ரல் 1-இல் தசமக் கணக்கு வந்தது. அன்று முதல் 1963 வரை வருஷமிட்ட சில்லறையில் நயா பைசா என்று இருக்கும். 1964-இல் 'நயா' உதிர்ந்தது, ஆறு மூலை உள்ள மூன்று பைசாவும் நேரு தலை போட்ட ரூபாயும் வந்தன.

தாத்தா வேறு நாட்டில் பிறந்தவராக இருக்கலாம். ரங்கூனில் பிறந்தவர் என்றாலும் 1942-இல் ஜப்பான்காரன் வரும்வரை அங்கே ஓடியது இந்தியக் காசுதான். பினாங்கு, கோலாலம்பூர் என்றால் மலாயா சென்ட்: 1945 என்று வருஷமிட்ட சதுர ஒரு சென்ட் உண்டு. யாழ்ப்பாணம், கண்டி என்றால் இலங்கைச் சதமும் சதுர ஐந்து சதமும். பிறந்த ஊரில் புழங்கிய காசை வைப்பதுதான் நியாயம்.

வாங்குவது

முதலில் வீட்டுக்குள் தேடுங்கள். பழைய டிரங்குப் பெட்டி, சாமி அறை டப்பா, பாட்டியின் சுருக்குப் பை. எங்கள் ஓட்டைக் காலணா ஒன்று கல்யாணச் சீர்ப் பெட்டியின் அடியில் கிடந்தது. கடையில் வாங்கிய ஏழையும் சேர்த்தாலும் அந்த ஒன்றின் மதிப்பு வராது.

மீதிக்கு நாணயக் கடைகள், நாணயக் கண்காட்சிகள், இணைய விற்பனை. கடைக்குப் போகுமுன் ஒருமுறை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவைப் பார்த்துவிட்டுப் போனால் அசல் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகும். 'ஜார்ஜ் செட்' என்று விற்பார்கள், ஏழும் ஏழு வருஷமாக இருக்கும். ஒவ்வொரு காசிலும் வருஷத்தைப் பார்த்து வாங்குங்கள். இணையத்தில் வாங்கினால் இரண்டு பக்கத்துப் படமும் கேளுங்கள்.

வெள்ளிக்கு மட்டும் சோதனை வேண்டும். ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா என்ற பழைய எடை அளவு. நாட்டு மருந்துக் கடையில் இன்றும் 'ஒரு ரூபா எடை' என்று சொல்வது இதைத்தான். எட்டணா 5.83 கிராம், நாலணா 2.92 கிராம். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம், அரை கிராமுக்கு மேல் குறைந்தால் சந்தேகப்படுங்கள். காந்தத்தில் ஒட்டக்கூடாது. (1946, 1947 நிக்கல் காசு ஒட்டும், அதுதான் சரி.) 1940-க்குப் பிந்தைய ரூபாயின் விளிம்பில் கோடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் சுற்றி ஓடும். வார்ப்பில் செய்த போலிகளில் அது மழுங்கிக் கிடக்கும்.

விலை பேச ஒரு வழி: 1945 ரூபாயில் வெள்ளி 5.83 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் அடிவிலை தெரியும். அதற்கு மேல் கேட்பது காசின் நிலைமைக்கு. என் அபிப்பிராயத்தில் பளபளவென்று புதிதாக இருப்பதற்கு அதிகம் கொடுக்க வேண்டாம். தேய்ந்த காசு பல கை மாறி வந்தது, சந்தைக்குப் போனது, உண்டியலில் விழுந்தது. ஆனால் வருஷம் மட்டும் எண்பது வயதுக் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ராமர், அனுமார் போட்ட 1818 கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு என்று கூடவே ஒன்றைத் தள்ளப் பார்ப்பார்கள். அப்படி ஒரு காசைக் கம்பெனி அடிக்கவே இல்லை.

ரூபாயில் வருஷத்தின் அருகே சின்னதாக ஆங்கில எல் எழுத்து இருந்தால் அது லாகூரில் அடித்தது. சென்னையில் அடித்தது வேண்டும் என்று ஆசைப்பட்டால் நடக்காது. தங்கசாலைத் தெரு இருக்கிறதே தவிர, சென்னை நாணயச் சாலையை 1869-இலேயே மூடிவிட்டார்கள்.

தேய்க்காதீர்கள்

வீட்டுக்குள் பழைய காசு வந்ததும் யாராவது ஒருவர் புளியோடு வருவார். இன்னொருவர் விபூதி என்பார், மூன்றாமவர் பாத்திரப் பொடி என்பார். மூன்றும் வேண்டாம். எண்பது வருஷத்தில் படிந்த நிறம் ஒரு நிமிஷத்தில் போய்விடும், கூடவே மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், அப்புறம் அது என்றும் திரும்பாது. நான் ஒரு மஞ்சள் ஓரணாவை எலுமிச்சையில் போட்டுப் பார்த்தேன். ரோஜா நிறத்தில் திட்டுத்திட்டாக வந்தது. அதை என் மேஜையில் வைத்திருக்கிறேன், தாத்தாவுக்குக் கொடுக்கவில்லை.

மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் மட்டும், பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு விட்டு ஊறவைத்து, வேறு நீரில் அலசி, பழைய பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். ஒற்றுவதுதான், துடைப்பது இல்லை. நாடாப் பசை ஒட்டியிருந்தால் சுத்தமான அசிட்டோன் எடுக்கும், ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்குத் தொலைவில் செய்யுங்கள். நகப்பூச்சு அழிப்பானில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அது ஆகாது. காசை எப்போதும் விளிம்பைப் பிடித்தே தூக்குங்கள். வியர்வை பட்ட விரல்ரேகை வெள்ளியில் கறுப்பாகப் பதிந்துவிடும்.

சட்டகம்

தேவையானவை: 12-க்கு 8 அங்குலத்தில் ஆழமான பிரேம் (போட்டோ பிரேம் கடையில் 'ஒரு இஞ்ச் ஆழம் வேணும்' என்று சொன்னால் செய்து தருவார்கள்), இரண்டு அங்குலச் சதுர நாணய அட்டைகள் எட்டு, போட்டோ கார்னர் ஒரு கட்டு, அமிலம் இல்லாத கெட்டி அட்டை ஒன்று, ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம்.

நாணய அட்டையில் நடுவே வட்டச் சாளரமும் தெளிந்த படலமும் இருக்கும். காசை நடுவில் வைத்து மடித்து மூடவேண்டியதுதான். ரூபாய் ஏறக்குறைய 30.5 மில்லிமீட்டர், அதற்கு 32.5 சாளரம் வாங்குங்கள். எட்டணா 24, நாலணா 19. இரண்டணாவும் அரையணாவும் சதுரம், ஓரணாவுக்கு ஓரம் நெளிநெளியாக இருக்கும். இவற்றை மூலைக்கு மூலை அளந்து அதற்குத் தக்க சாளரம் எடுங்கள். மேலோட்டமாக அளந்துவிட்டு வந்து நான் இரண்டாம் தடவை கடைக்குப் போனேன். ஸ்டேப்பிள் அடிக்கும் வகையைவிடப் பசை உள்ள வகை நல்லது, கடலோர ஊர்களில் ஸ்டேப்பிள் துருப்பிடிக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கொழகொழவென்று வளையும் மலிவான பிளாஸ்டிக் உறைகளில் போட்டுவிடாதீர்கள். நாளாவட்டத்தில் அது அமிலம் கக்கி, காசின் மேல் பச்சைப் பிசின் படியும். செய்தித்தாள், ரப்பர் பேண்ட், கம்பளித் துணி மூன்றிலும் கந்தகம் இருப்பதால் வெள்ளி கறுக்கும். பின்னணிக்குத் துணி வேண்டுமென்றால் பருத்தி போதும்.

இனி அடுக்குவது. கெட்டி அட்டையைப் பிரேமின் அளவுக்கு வெட்டுங்கள். மேல் விளிம்பிலிருந்து முக்கால் அங்குலம் விட்டு முதல் வரிசை: ரூபாய், எட்டணா, நாலணா, இரண்டணா. அரை அங்குலம் இடைவெளி. இரண்டாவது வரிசை: ஓரணா, அரையணா, காலணா, காலணா. பக்கத்துக்குப் பக்கமும் அரை அங்குலம் விட்டால் இடம் வலம் ஒன்றேகால் அங்குலம் மிஞ்சும். கீழே இரண்டேமுக்கால் அங்குலம், அது பெயர்ச்சீட்டுக்கு.

நாணய அட்டைகளைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். பழைய கல்யாண ஆல்பத்தில் கறுப்புத் தாளில் படங்களைப் பிடித்திருக்கும் முக்கோணக் கார்னர்கள் நினைவிருக்கிறதா, அவற்றை நாலு மூலையிலும் வைத்து அட்டையைச் செருகுங்கள். வேண்டும்போது எடுக்கலாம், திரும்ப வைக்கலாம். கண்ணாடி காசின் மேல் உரசாதபடி ஓரத்தில் கட்டை வைத்துத் தரச்சொல்லுங்கள். பின்பக்கத்தை ஆணி அடித்து மூட வேண்டாம், திருகும் கொக்கி வைக்கச் சொல்லுங்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். சிலிகா பொட்டலத்தைப் பின்புறத்து இடைவெளியில் ஒட்டிவிடுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

பெயர்ச்சீட்டு

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெரிய எழுத்தில் வாழ்த்துக் கவிதை எழுதிக் காசை மறைத்துவிடுவார்கள். நான் எழுதியது மூன்றே வரி. முதல் வரியில் தாரண வருஷம், மாசி மாதம், நட்சத்திரம். இரண்டாவதில் ஊர், 1945. மூன்றாவதில் 'ஆக மொத்தம் இரண்டு ரூபாய்'. அந்த மூன்றாவது வரியைப் படித்துவிட்டுத் தாத்தா எட்டையும் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார்.

ஒவ்வொரு காசின் கீழும் அவர்கள் சொல்லும் பெயரையே எழுதுங்கள். கால் ரூபாய் என்று எழுதினால் யாருக்கு என்ன தெரியும்? நாலணா என்று எழுதுங்கள். எந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும் என்றால் வருஷம் உள்ள பக்கம்தான். ராஜா தலை தெரிய வேண்டுமானால் எட்டணாவை மட்டும் திருப்பி வைக்கலாம், வெள்ளி இன்னும் இரண்டு இருக்கிறதே. ஓரணாவின் வருஷப் பக்கத்தில் உருது, இந்தி, வங்காளம், தெலுங்கு நான்கும் இருக்கும், தமிழ் இருக்காது. "ஏன் நம்ம எழுத்து இல்லை?" என்று ஒரு பஞ்சாயத்து நடக்கும், தயாராக இருங்கள்.

முடிந்தால் கொடுப்பதற்கு முன்பே, எதற்கென்று சொல்லாமல், நாலணாவுக்கு அப்போது என்ன வாங்கினீர்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைச் சட்டகத்தின் பின்னால் ஒரு உறையில் செருகுங்கள். புத்தகத்தில் உள்ள விலைவாசியை எழுதுவதைவிட அவர் வாயால் சொன்னது நல்லது, ஞாபகம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை.

கொடுப்பதும் மாட்டுவதும்

ஹோமம் நடக்கும் இடத்தில் கொடுக்காதீர்கள். புகை, எண்ணெய், கூட்டம், எல்லோரும் கை வைப்பார்கள். சாப்பாடு முடிந்து பெரியவர் கட்டிலில் சாய்ந்த பிறகு கொடுங்கள். மூக்குக் கண்ணாடி பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது வெயில் நேரே படாத உள்சுவராக இருக்கட்டும். மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஓதம் காக்கும். சமையலறைக்கும் சாமி அறைக்கும் பக்கம் வேண்டாம், கற்பூரப் புகையும் தாளிப்பும் காசுக்கு ஆகாது. உட்கார்ந்த நிலையில் கண்ணுக்கு நேராக வரும் உயரம் நல்லது.

எட்டு போக ஒன்பதாவதாக இன்னொரு ஓட்டைக் காலணா வாங்கி வையுங்கள். சட்டகத்துக்குள் வேண்டாம், சும்மா கையில் கொடுப்பதற்கு. விலை அதிகம் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்தவுடன் யாருக்கும் தொடத் தோன்றும், தொட முடியாவிட்டால் அது அருங்காட்சியகம். தாத்தா அந்த ஒன்பதாவதை வாங்கி, சுண்டுவிரல் நுனியை ஓட்டையில் நுழைத்துப் பார்த்தார். "இதை அரைஞாண் கயித்துல கோத்துக் கட்டியிருந்தா எங்க அம்மா" என்றார். அது வரைக்கும் அந்தக் கதையை எங்களில் யாரும் கேட்டதில்லை. அன்று இரவே பின்பக்க உறைத் தாளில் எழுதிவிட்டேன்.

கொக்கி விஷயம். வீட்டுக்கு யார் வந்தாலும் தாத்தா சட்டகத்தைக் கழற்றி, பின்பக்கத்தைத் திறந்து, ரூபாயை எடுத்து வந்தவர் கையில் வைத்து எடை பார்க்கச் சொல்கிறார். மூன்று மாதத்தில் ஒரு கொக்கி தளர்ந்துவிட்டது. நீங்கள் செய்யும்போது இரண்டுக்குப் பதில் நாலாகப் போட்டுவிடுங்கள்.